தேறலும் தேறுதலும்: மதுவின் நிறம் சொல்வது என்ன?

"வெளுத்ததெல்லாம் பால்" என்று நம்புகிறவர்களைப் பற்றி நம் வீடுகளில் கொஞ்சம் இரக்கத்தோடும் கொஞ்சம் கேலியோடும் பேசுவது வழக்கம். பால் விஷயத்தில் ஏமாந்தால் காப்பி தண்ணியாகப் போகும், அவ்வளவுதான். மது விஷயத்தில் கண்ணால் பார்த்து நம்பியவர்கள், அந்தக் கண்ணையே இழந்திருக்கிறார்கள். பலர் உயிரையும் இழந்திருக்கிறார்கள். நம் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பஸ்ஸில் போனால் வந்துவிடும் ஊரில் அது நடந்தது.

சங்க மலரில் மதுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரைப் படித்து வளர்ந்தவர்கள்தான் நாம். நானும் குடிப்பவன் அல்லன். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் வேதியியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒரு கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள நம் வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள், மாப்பிள்ளைகள் வரும்போது பெட்டிக்குள் ஒரு பாட்டிலும் வருவது இப்போது ரகசியம் இல்லை. முன்பு விஸ்கி வரும். இப்போது டெக்கீலா வருகிறது. "சார், இது தண்ணி மாதிரி இருக்கே, டூப்ளிகேட்டா?" என்று ஒருவர் கேட்கிறார். "கோல்டு கலர்ல இருந்தாத்தான் ஒரிஜினல்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று இன்னொருவர் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால் மெக்சிகோவில் தொடங்கி கல்லுவாதுக்கலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல்லின் இரண்டு பொருள்

முதலில் நம் மொழியைப் பார்ப்போம். சங்க நூல்களில் மதுவுக்குப் பல பெயர்கள் உண்டு: கள், நறவு, தோப்பி, தேறல். இவற்றில் தேறல் என்பது தெளிந்த கள். புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைக் குறிப்பிடுகிறார். மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலைப் பற்றியும் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. மரப்பீப்பாயில் மதுவை முதிர வைப்பது மேல்நாட்டார் கலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேறல் என்ற சொல் 'தேறு' என்னும் வினையிலிருந்து வந்தது. தேறு என்றால் தெளிதல். கலங்கிய நீர் தேறும். அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஆராய்ந்து நம்புதல். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரம் முழுவதும், ஒருவரை எப்படிச் சோதித்துப் பார்த்துத் தேறுவது என்பதைப் பற்றியதுதான். ஆக, கண்ணுக்குத் தெளிவாக இருப்பதும் மனம் ஆராய்ந்து நம்புவதும் தமிழில் ஒரே வேர்ச்சொல்லில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவை இரண்டும் ஒன்றல்ல. மது விஷயத்தில் ஏற்படும் எல்லா ஆபத்தும், முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொள்வதால் வருகிறது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

எந்தச் சாராயமாக இருந்தாலும் காய்ச்சி வடித்தவுடன் அது நிறமற்றது. விஸ்கி, ரம், பிராந்தி, டெக்கீலா, தென்னங்கள்ளில் வடித்த இலங்கை அரக்கு எல்லாமே வாலையிலிருந்து விழும்போது தண்ணீர் போலத்தான் விழும். காரணம் எளிது. காய்ச்சும்போது ஆவியாகி மேலே போவது ஆல்கஹால், நீர், சில மணப்பொருள்கள் மட்டுமே. நிறம் தரும் பொருள்கள் ஆவியாவதில்லை, அடியிலேயே தங்கிவிடும்.

அப்படியானால் பாட்டிலில் தெரியும் பொன்னிறமும் செம்பழுப்பும் பிறகு வந்து சேர்ந்தவை. வரும் வழி இரண்டு. ஒன்று மரம். ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊறும்போது மரத்திலுள்ள டானின் முதலிய பொருள்கள் மதுவில் கரைகின்றன. பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டியோ கருக்கியோ வைத்திருப்பார்கள். அதுவும் நிறம் தரும். இலங்கையில் அரக்கை முதிர வைக்க ஹல்மில்லா மரத் தொட்டிகளைப் பயன்படுத்துவார்கள். ஆங்கிலேயர் இதைத் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தார்கள்.

இரண்டாவது வழி கேரமல். வெள்ளைச் சர்க்கரையை வாணலியில் போட்டுச் சூடாக்கினால் முதலில் பாகாகும், பிறகு பொன்னிறமாகும், இன்னும் விட்டால் கறுத்துக் கசக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த ஊர்ப் பேக்கரிகளில் விற்கும் பிளம் கேக்குக்கு அந்தக் கரும்பழுப்பைத் தருவது இதுதான். மதுவுக்கும் இதையே சேர்க்கிறார்கள். இது திருட்டுத்தனம் அல்ல, சட்டம் அனுமதித்த காரியம். ஸ்காட்லாந்தின் விஸ்கி விதிகள்கூட நிறத்துக்காகச் சாதாரண கேரமலைச் சேர்க்க இடம் கொடுக்கின்றன. ஒரே பெயரில் விற்கும் பாட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருந்தால் வாங்குபவர் சந்தேகப்படுவார் அல்லவா? அந்தச் சந்தேகம் வராமல் இருக்கவே நிறத்தைச் சமன் செய்கிறார்கள். வாங்குபவர் நிறத்தைப் பார்க்கிறார் என்பதால் விற்பவர் நிறத்தைச் சேர்க்கிறார். இந்த வட்டத்தைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

நம் நாட்டு ரம்மின் கரும்பழுப்பு நிறத்தைக் கண்டு, "நல்லா பழசு, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் சாராயமும் நிறமற்றதுதான். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு கேரமலுடையது. நிறத்துக்கும் ஆல்கஹாலின் அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வயதுக்காவது நிறம் சாட்சி சொல்லுமா என்றால், அதுவும் முழுச் சாட்சி இல்லை. புதுப் பீப்பாய் சீக்கிரம் நிறம் தரும். மூன்று நான்கு முறை பயன்படுத்திய பீப்பாய் மெதுவாகத் தரும். சிறிய பீப்பாயில் மது மரத்தோடு அதிகம் உறவாடும், பெரியதில் குறைவு. குளிர்நாட்டில் பத்து ஆண்டு ஊறினாலும் வராத நிறம், பெங்களூர் போன்ற இடத்தின் வெப்பத்தில் சில ஆண்டுகளிலேயே வந்துவிடலாம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும் என்றால், இங்கே அது 10 சதவீதம் வரை போகும். எனவே வெளிறிய பன்னிரண்டு வயது விஸ்கியும் இருக்கலாம், கறுத்த மூன்று வயது விஸ்கியும் இருக்கலாம்.

டெக்கீலாவின் கதை

இனி டெக்கீலாவுக்கு வருவோம். மெக்சிகோ நாட்டின் ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கீலா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பகுதிகளில் நீல அகேவ் என்ற செடி பயிராகிறது. நம் பக்கத்தில் ரயில் பாதை ஓரங்களில் வேலிக்காக நட்டிருப்பார்களே, நாரெடுக்கும் ரயில் கற்றாழை, அதன் உறவுக்காரச் செடி இது. கற்றாழை என்று நாம் சொன்னாலும் மருந்துக்கான சோற்றுக் கற்றாழைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆறு முதல் எட்டு ஆண்டு வளர்ந்த செடியின் இலைகளை வெட்டி நீக்கினால், பெரிய அன்னாசிப்பழம் போன்ற நடுப்பகுதி கிடைக்கும். அதைச் சூட்டடுப்பில் வேகவைத்து, சாறெடுத்து, புளிக்க வைத்து, இருமுறை காய்ச்சி வடிப்பதுதான் டெக்கீலா. இந்த அகேவ் நிலப்பரப்பை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

டெக்கீலா என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. 1974-ல் மெக்சிகோ அரசு இந்தப் பெயருக்கு இடம் சார்ந்த பாதுகாப்பு அளித்தது. நம் திருநெல்வேலிக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பத்தமடைப் பாய்க்கும் ஆரன்முளக் கண்ணாடிக்கும் இருக்கும் புவிசார் குறியீடு போன்றது அது. ஹலிஸ்கோ மாநிலம் முழுவதிலும், வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் வடித்ததே டெக்கீலா. 1994-ல் அமைந்த டெக்கீலா ஒழுங்குமுறைக் குழு இதைக் கண்காணிக்கிறது. நம் தக்காணத்தில் வளரும் அகேவிலிருந்தும் சாராயம் வடிக்கிறார்கள். ஆனால் அதை டெக்கீலா என்று அழைக்கக்கூடாது, அகேவ் ஸ்பிரிட் என்றே சொல்ல வேண்டும்.

மெக்சிகோவின் விதிப்படி டெக்கீலாவில் ஐந்து வகை. முதலாவது பிளாங்கோ, அதாவது வெள்ளை. வடித்ததை அப்படியேயோ, மிகக் குறுகிய காலமே வைத்திருந்தோ பாட்டிலில் அடைப்பது. மூன்றாவது ரெபொசாடோ, 'ஓய்வெடுத்தது' என்று பொருள். ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம். நான்காவது அன்யேஹோ, 600 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது ஓர் ஆண்டு. ஐந்தாவது எக்ஸ்ட்ரா அன்யேஹோ, குறைந்தது 3 ஆண்டு. இந்த வகை 2006-ல்தான் வந்தது.

இரண்டாவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அதன் பெயர் ஹோவன் அல்லது ஓரோ. ஓரோ என்றால் பொன். நம் ஆட்கள் "கோல்டு" என்று சொல்வது இதைத்தான். முதிராத வெள்ளை டெக்கீலாவுடன் கொஞ்சம் முதிர்ந்ததைக் கலந்தும் இதைச் செய்யலாம்; வெள்ளையில் கேரமல் முதலியவற்றைச் சேர்த்தும் செய்யலாம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொன்னிற டெக்கீலாவில் பெரும்பாலும் இரண்டாவது முறைதான். அதாவது, அந்தப் பொன்னிறம் பீப்பாயைப் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். கேரமல், ஓக் மரச் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நான்கையும் சிறிய அளவில், எடையில் ஒரு சதவீதத்துக்கு மிகாமல், சேர்க்க விதி இடம் தருகிறது. ரெபொசாடோ, அன்யேஹோ வகைகளுக்கும் இந்தச் சலுகை உண்டு.

"தண்ணி மாதிரி இருக்கே" என்று சந்தேகப்பட்டவரின் பாட்டில் இப்போது எப்படித் தெரிகிறது? நிறம் சேர்க்காத பிளாங்கோவில்தான் அகேவின் இயல்பான மணம் மறைவில்லாமல் இருக்கும் என்பது அதை அறிந்தவர்கள் கருத்து. வேடிக்கை இன்னொன்றும் உண்டு. ஓராண்டுக்கு மேல் பீப்பாயில் வைத்து நிறமேறிய டெக்கீலாவைக் கரித்தூளில் வடிகட்டி மறுபடியும் தண்ணீர் நிறமாக்கி 'கிறிஸ்டலினோ' என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். ஆக, பொன்னிறத்தில் முதிராதது இருக்கிறது. நிறமற்றதில் முதிர்ந்தது இருக்கிறது. பிறகு நிறத்தைப் பார்த்து என்ன தீர்ப்புச் சொல்வது?

பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, சீட்டை. இரண்டு விஷயம் போதும். ஒன்று, '100% அகேவ்' என்று இருக்கிறதா? இல்லையென்றால் அது கலப்பு வகை. அதில் சர்க்கரையில் 51 சதவீதம் அகேவிலிருந்து வந்தால் போதும், மீதி கரும்பிலிருந்தோ வேறெதிலிருந்தோ வரலாம். இதுவும் சட்டப்படியானதுதான், ஆனால் வேறு சரக்கு. இரண்டு, 'நோம்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்க எண் இருக்கும். எந்தத் தொழிற்சாலையில் வடித்தது என்பதை அந்த எண் காட்டும்.

சீட்டில் பொய் எழுதினால்? அங்கேதான் ஆய்வுக்கூடம் வருகிறது. அதற்கும் இது சுலபமான வேலை இல்லை என்பதை வேதியியல் ஆசிரியனாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெல், கோதுமை போன்ற செடிகள் கார்பனை எடுக்கும் முறை வேறு, கரும்பு எடுக்கும் முறை வேறு. அதனால் அவற்றின் கார்பன் அணுக்களின் விகிதத்தை அளந்தால், எந்தச் செடியின் சர்க்கரை என்று கண்டுபிடித்துவிடலாம். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதை இப்படித்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அகேவ் வறண்ட நிலத்துச் செடி. அதன் கார்பன் விகிதம் கரும்பின் விகிதத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. எனவே டெக்கீலாவில் கரும்பைக் கண்டுபிடிக்க, கார்பனோடு ஆக்சிஜன் முதலிய வேறு அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இத்தனை கருவி வைத்தும் திணறுகிற இடத்தில், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "ஒரிஜினல்தான்" என்று சொல்லிவிடுகிறோம்!

வெள்ளையாய் வந்த மரணம்

மெக்சிகோக் கதையில் ஏமாந்தால் நஷ்டம் பணம்தான். இனி சொல்லப்போவது அப்படி அல்ல.

கேரளத்தில் 1996 ஏப்ரல் 1 முதல் சாராய விற்பனை தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் கள்ளச்சாராயம் ஒளிந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த ஊர்ப் பத்திரிகைகள் அதை 'வியாஜ மத்யம்' என்று எழுதும். வியாஜம் என்றால் போலி. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலிலும் சுற்றுவட்டாரத்திலும் அதைக் குடித்த முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலருக்குப் பார்வை போயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் நாம் எத்தனையோ முறை கடந்துபோகும் ஊர் அது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அது முதல் சம்பவமும் அல்ல, கடைசியும் அல்ல. 1982 ஓணத்தன்று கொச்சி அருகே வைப்பின் தீவில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது சட்டப்படி உரிமம் பெற்ற சாராயக் கடையில் விற்ற சரக்கு. 2010-ல் மலப்புறம் மாவட்டத்தில் கள்ளில் கலந்த விஷத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் தாய்த் தமிழகத்திலும் 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் இதே கொடுமை. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள்.

இவை அனைத்திலும் குற்றவாளி ஒன்றே: மெத்தனால். நாம் மது என்று சொல்வது எத்தனால். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டும் தண்ணீர் போலத் தெளிவானவை. மணமும் ஏறக்குறைய ஒன்றே. தண்ணீரில் எந்த அளவிலும் கலக்கும். பெயின்ட், பசை, பிளாஸ்டிக் போன்றவற்றைச் செய்யும் தொழில்களுக்கு மெத்தனால் தேவைப்படுவதால் தொழிற்சாலைகளுக்கு டேங்கர் டேங்கராகப் போகிறது. சாராயத்துக்கு உள்ள வரியும் அதற்கு இல்லை. அது கள்ள வழியில் சாராயக்காரர் கைக்கு வரும்போது சாவு வருகிறது.

மெத்தனாலைப் பார்த்தாலே பயப்பட வேண்டும் என்றும் இல்லை. பழம், செடி இவற்றிலிருந்து வடிக்கும் மதுவில் இயற்கையாகவே அது சிறிதளவு இருக்கும். அசல் டெக்கீலாவிலும் உண்டு. தூய ஆல்கஹால் 100 மில்லிக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது மெக்சிகோவின் விதி. அளவுதான் மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள வேறுபாடு. தூய மெத்தனால் சுமார் 10 மில்லி உள்ளே போனாலே பார்வை போகக்கூடும். 30 மில்லி உயிரைப் பறிக்கக்கூடும்.

உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. சிவப்பெறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். அது கண் நரம்பைத் தாக்கும், ரத்தத்தை அமிலமாக்கும். இந்த மாற்றம் நடக்க நேரம் பிடிக்கும். அதனால் குடித்தவுடன் சாதாரண போதைதான் தெரியும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும். "கண்ணு முன்னால பனி மூடின மாதிரி இருக்கு" என்று சொல்லுவார்கள். ராத்திரி குடித்ததின் மயக்கம் என்று வீட்டார் படுக்கவைத்துவிடுவதால்தான் பலர் போய்விடுகிறார்கள். பார்வை மங்குகிறது என்று சொன்னால் மோர் கொடுத்து, எலுமிச்சை தேய்த்து நேரத்தைப் போக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முறிவு மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. நேரத்தோடு போனால் உயிரும் பிழைக்கும், பார்வையும் பிழைக்க வழி உண்டு.

நாட்டுச் சோதனைகள் பலிக்குமா?

சாராயம் நல்லதா என்று பார்க்க மூன்று சோதனைகளை நம் பக்கத்தில் சொல்வார்கள். முதலாவது, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது. எத்தனாலும் தெளிவு, மெத்தனாலும் தெளிவு. இது சோதனையே இல்லை.

இரண்டாவது, பாட்டிலைக் குலுக்கி நுரைக்குமிழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது. இது ஆல்கஹாலின் வீரியத்தைக் கொஞ்சம் காட்டலாம். எந்த ஆல்கஹால் என்று காட்டாது.

மூன்றாவதுதான் மிகவும் நம்பப்படுவது. கொஞ்சம் ஊற்றித் தீ வைத்தால் நீலமாக எரிய வேண்டும் என்பார்கள். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விஷம் நீலச் சுடரோடு எரிந்து "நான் நல்ல சரக்கு" என்று சாட்சி சொல்லிவிடும். இந்தச் சோதனை ஒன்றும் இல்லாததைவிட மோசம். ஏனென்றால் சோதித்துவிட்டோம் என்ற தைரியத்தை அது கொடுத்துவிடுகிறது.

கள் விஷயத்தில் நிறம் கொஞ்சம் வேறு. மரத்திலிருந்து இறக்கும் சாறு முதலில் தெளிவாக இனிக்கும். பானையில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் அப்படியே நிற்கும். அதுதான் பதநீர், நாஞ்சில் நாட்டுக்காரர்கள் சொல்லும் அக்கானி. சுண்ணாம்பு இல்லையென்றால் ஈஸ்ட் பெருகிப் பால்போல் வெளுத்துக் கள்ளாகும். ஆக, கள்ளின் வெண்மை உயிருள்ள நுண்ணுயிரால் வருவது. ஆனால் அந்த வெண்மையையும் போலியாக உண்டாக்க முடியும். தண்ணீரில் மாவுப் பொருளும் இனிப்பும் மயக்க மருந்தும் சேர்த்துக் கள் என்று விற்ற வழக்குகள் உண்டு. வெளுத்ததெல்லாம் பாலும் அல்ல, கள்ளும் அல்ல.

நிறம் உண்மை சொல்லும் இடம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, நிறமே பொய் என்று முடித்தால் அது வேதியியலுக்குச் செய்யும் துரோகம். நிறம் உண்மை சொல்லும் இடங்களும் இருக்கின்றன.

ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்து வந்திருக்கிறார்கள். டீசலில் கலந்தால் காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. இங்கே நிறத்தைச் சேர்ப்பவர் விற்பவர் அல்லர்; கண்காணிப்பவர். இருந்தும், அந்தச் சாயத்தையே நீக்கிவிட்டு விற்கும் கெட்டிக்காரர்களும் தோன்றினார்கள்.

இன்னொரு இடம் ஆய்வுக்கூடம். மெத்தனாலைக் கண்டுபிடிக்க நெடுநாளாக இருக்கும் ஒரு சோதனையை மாணவர்களுக்கு நான் செய்து காட்டியிருக்கிறேன். மதுவைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்தால், மெத்தனால் இருந்தால் அது பார்மால்டிஹைடாக மாறும். அதோடு குரோமோட்ரோபிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்தால் ஊதா நிறம் எழும். மெத்தனால் இல்லையென்றால் அந்த ஊதா வராது. நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவியில் அளந்தால் எவ்வளவு மெத்தனால் என்றும் தெரிந்துவிடும். இப்போது வாயு வண்ணப்பிரிகைக் கருவி வந்துவிட்டது. எத்தனாலையும் மெத்தனாலையும் நிமிடங்களில் பிரித்துக் காட்டும். பெயரில் வண்ணம் இருந்தாலும் அது வண்ணத்தைப் பார்ப்பதே இல்லை என்பது ஒரு வேடிக்கை.

பாட்டிலின் பொன்னிறத்துக்கும் சோதனைக் குழாயின் ஊதாவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பொன்னிறம், செய்தவர் நமக்குச் சொல்ல விரும்பியது. ஊதா, நாம் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில். முதலாவது விளம்பரம், இரண்டாவது சாட்சியம். கேள்வி கேட்காமல் கிடைக்கும் நிறத்தை நம்பக்கூடாது. சரியான கேள்வி கேட்டு வரவழைத்த நிறத்தை நம்பலாம். நீதிமன்றங்கள் மது வழக்குகளில் யாருடைய கண்ணையும் நம்பாமல், திருவனந்தபுரத்தில் தலைமையிடம் கொண்ட அரசு இரசாயனப் பரிசோதனைக் கூடம் போன்றவற்றின் அறிக்கையைக் கேட்பது இதனால்தான்.

வீட்டுக்கு என்ன பாடம்?

குடிக்காமல் இருப்பதே நல்லது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் அது நடப்பதில்லை என்பதும் உண்மை. எனவே சுருக்கமாகச் சொல்லி வைக்கிறேன். உரிமம் உள்ள கடையில், முத்திரை உடையாத பாட்டிலில், அரசின் ஹாலோகிராம் உள்ளதை மட்டுமே நம்பலாம். லூசாக ஊற்றித் தரும் எதையும், யார் தந்தாலும், தொடக்கூடாது. வெளிநாட்டுப் பாட்டில் என்றால் நிறத்தைப் பார்க்காமல் சீட்டைப் படிக்க வேண்டும். ஒரே பிராண்டின் இரண்டு பாட்டில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நிறம் வெகுவாக மாறியிருந்தால் சந்தேகப்படலாம்; ஆனால் நிறம் ஒத்திருப்பதால் நம்பிவிடக் கூடாது. அடியில் தூசியோ துகளோ மிதந்தால் விலக்கிவிட வேண்டும்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், பாரம் தூக்குகிறவர்கள் என்று நம்மோடு பழகும் எளிய மனிதர்களிடமும் இதைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன சம்பவங்களில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளிகள். அவர்களுக்குப் பொன்னிற பாட்டில் வாங்க வசதி இல்லை. மலிவு விலைதான் அவர்களை அந்த வெள்ளைச் சரக்கிடம் கொண்டுபோய் விட்டது. "கண்ணு மங்குதுன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்ற ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

மது புகாத வீட்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 2003-ல் ஐரோப்பாவில் இந்திய மிளகாய்த்தூளில் சூடான் என்ற சிவப்புச் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் பிரிட்டனில் அந்தச் சாயம் கலந்த நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். நல்ல சிவப்பு வேண்டும் என்று நாம் கேட்டதால் அந்தச் சிவப்பு வந்தது. மஞ்சள்தூள், துவரம்பருப்பு, தேயிலை எல்லாவற்றிலும் இதே கதைதான். நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருக்கும்வரை, நிறத்தை மட்டும் தயாரித்துத் தர யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள்.

கலங்கியது தேறினால் அது தேறல். கேட்டு, படித்து, சோதித்து மனம் தேறினால் அது தேறுதல். நம் பிள்ளைகள் இந்த ஊரில் மலையாளமும் ஆங்கிலமும் படித்து வளர்கிறார்கள். தமிழில் இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளையும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லிக்கொடுத்தால், கடையில் நின்று எதை வாங்கும்போதும் அது அவர்களுக்குத் துணைக்கு வரும்.